பழகாத காது

“…அதையெல்லாம் என்னட்டக் கேக்காதீங்க காக்கா. என்ர காது பழகின காது. அது உங்கட பக்கம் சாஞ்சுதான் கேக்கும்.”

என் மகளின் நிகாஹ் முடிந்து கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. பந்தலுக்கும் குசினிக்கும் நடுவில் உள்ள வாசலில், கையில் வட்டிலப்பக் கோப்பையோடு நின்று அவர் இதைச் சொன்னார். நான் கேட்டது ஒரேயொரு கேள்விதான். “மிஸ், நான் சொன்னது உங்களுக்கு விளங்கிச்சா?” வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் தோளில் தட்டி நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்தப் பெண்ணிடம் அது நடக்காது. நடக்காது என்று தெரிந்தும் கேட்டேன். மனம் கேட்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்துச் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதை இப்போதே சொன்னால், அவரைத் தெரியாதவர்கள் ‘இது என்ன மனுசி’ என்று நினைப்பார்கள். ஆகவே முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சுச் சிகிச்சையாளர் என்று பெயர். சனங்களுக்கு அவர் ‘கதைக்கப் பழக்குற மிஸ்’. பெரியநீலாவணை ஆள். மெலிந்த உடம்பு. மழை இல்லாத மாதத்திலும் கக்கத்தில் குடை, தோளில் துணிப் பை, பைக்குள் சின்னப் பிள்ளைகள் கணக்குச் செய்யும் சதுரக் கொப்பி. இப்போது மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய சதுரக் கொப்பியில் ஒரு பக்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

நான் அவரிடம் போகவேண்டி வந்தது பாரிசவாதத்தால். அதற்கு முன் என் தொழிலே கதைப்பதுதான். முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் அறிவித்தல் சொல்லித் திரிந்த ஆள் நான். கைத்தறிச் சாறன் மலிவு விற்பனை, கண் சோதனை முகாம், காணாமற்போன மாடு, எதுவென்றாலும் என் தொண்டைதான். ஒருநாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது இடது கை கத்தியோடு கீழே விழுந்தது. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அல்லாஹ் அறிவை எடுக்கவில்லை, நடையையும் கொஞ்ச நாளில் திருப்பித் தந்துவிட்டான். இடது கையும் கதையும் மட்டும் திரும்பவில்லை. சொல்ல வேண்டிய சொல் மனதில் சரியாக இருக்கும். வெளியே வரும்போது, அவித்த மரவள்ளிக் கிழங்கைச் சூட்டோடு வாய்க்குள் வைத்துக்கொண்டு கதைப்பதுபோல் வரும்.

முதல் நாள் மனைவியோடு போனேன். மிஸ் என்னைப் பார்த்து, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், “காக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். நான் சொன்னேன். உடனே என் மனைவி, “இடியப்பமும் சொதியும் எண்டு சொல்றாரு மிஸ்” என்றாள்.

“எத்தன புள்ளயள்?”

நான் சொன்னேன். “ஒரு பொம்புளப் புள்ள, ஒரே ஒண்டு எண்டு சொல்றாரு மிஸ்.”

மூன்றாவது கேள்வியை மிஸ் கேட்கவே இல்லை. “ராத்தா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றார்.

“நான் இல்லாட்டி இவரு சொல்றது உங்களுக்கு விளங்காதே!”

“அது எவ்வளவு விளங்காது எண்டு பாக்கத்தான் ராத்தா நான் இருக்கிறன்.”

மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனாள். அன்றைக்கு அவளுக்குப் பிடிக்காமல் போன மிஸ், பிறகு எத்தனையோ நாள் அவளுடைய வாயில் ‘நம்மட மிஸ்’ ஆக இருந்தார். ஆனால் அந்தக் கதவு விஷயத்தில் மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டு ஆட்கள் வெளியே. அளக்கும்போது எப்போதும் வெளியே.

அந்த அறைக்குள் நுழைந்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சுவர். சுவர் தெரியாதபடி நாலு பக்கமும் மருதமுனைப் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார். எதிரொலி வரக்கூடாதாம். அதில் ஒரு விரிப்பின் கரையைப் பார்த்ததுமே, நான் தெருத்தெருவாய்க் கூவி விற்ற சாமான் என்று தெரிந்துவிட்டது. மேசையில் ஒரு மடிக்கணினி, சின்னத் தண்டில் ஒரு மைக். என் வாய்க்கும் மைக்குக்கும் இடையில் தன் கையை விரித்துச் சாண் அளந்தார். பிறகு ஃபேனை நிறுத்தினார். வைகாசி வெயிலில் ஃபேன் நின்றால் எப்படி இருக்கும் என்று கிழக்கு மாகாணத்து ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேர்த்துக் கொட்டும், ஆனால் துடைக்கக்கூடாது. துணி உரசுகிற சத்தமும் மைக்கில் விழுமாம்.

“ஆ எண்டு சொல்லுங்க. இப்ப ஈ. இப்ப ஊ. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதற்கா மூன்று மாதம் காத்திருந்து திகதி எடுத்தோம் என்று நினைத்தேன். திரையில் மழைநாளில் கடல் தெரிவதுபோல் சாம்பல் நிறப் படம் ஒன்று வந்தது. நடுவில் கறுப்புப் பட்டைகள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தப் பட்டைகளிலிருந்து இரண்டு இலக்கம் எடுத்து, சதுரக் கொப்பியில் ஒரு புள்ளி வைத்தார். மூன்று சத்தம், மூன்று புள்ளி. அடிமட்டம் வைத்து மூன்றையும் சேர்த்துக் கோடு கீறினார். முக்கோணம் வந்தது.

“ஆவுக்கு நாடி, இந்தத் தாடை, நல்லாக் கீழ இறங்கணும். ஈக்கு நாக்கு முன்னால ஏறணும். ஊவுக்கு நாக்கு பின்னால போய் உதடு குவியணும். மூண்டும் மூண்டு மூல. வளவு கூட்டுற மாதிரித்தான் காக்கா. நடுவால மட்டும் தும்புத்தடிய இழுத்துப் போட்டு, கூட்டிட்டன் எண்டு சொல்லேலாது. மூலைக்குப் போகணும். உங்கட நாக்கு நடுவிலயே நிண்டு கூட்டுது.”

பக்கத்தில் இன்னொரு முக்கோணம் இருந்தது. பெரியது. அது யாருடையது என்று கையால் கேட்டேன்.

“என்ர. ஒவ்வொரு நாளும் காலையில முதல் என்னத்தான் அளப்பன். மெசினும் ஒருநாளைக்கு ஒரு மாதிரி. நானும் ஒருநாளைக்கு ஒரு மாதிரி.”

அறையைத் துப்புரவு செய்ய வரும் ஊழியப் பெண் ஒருத்தி இருந்தாள். வாய் சும்மா இருக்காது. என்னுடைய முக்கோணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “இதென்ன மிஸ், நோம்புக் கடைசியில சுட்ட சமூசா மாதிரி? உள்ளுக்க ஒண்டும் இல்ல!” என்றாள். அன்றிலிருந்து எங்கள் மூவருக்கும் அது சமூசாதான். மிஸ்ஸும் மறந்துபோய்ச் சில நேரம், “இண்டைக்குச் சமூசா கீறுவமா காக்கா?” என்று கேட்பார்.

இரண்டாவது கிழமை நான் ஒரு தந்திரம் செய்தேன். ஆவைக் கத்திச் சொன்னேன். தொழிற்பழக்கம். விரிப்புகளெல்லாம் ஆடியிருக்கும். புள்ளி வைத்துப் பார்த்தால் முக்கோணம் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

“காக்கா, ஸ்பீக்கர் கட்டித் திரிஞ்ச ஆளுக்கு இத நான் சொல்லணுமா? வொலியூமக் கூட்டினா என்ன நடக்கும்?”

“கொர கொரக்கும் மிஸ்” என்றேன். அதைச் சொல்லவே எனக்கு இரண்டு தரம் வேண்டியிருந்தது.

முக்கோணம் போதாதென்று இன்னொரு சோதனையும் வைத்திருந்தார். நான் சொன்ன சொற்களைக் கணினியில் பதிந்து, அதை வேறு ஆட்களின் காதில் மாட்டிக் கேட்ட சொல்லை எழுதச் சொல்வார். முதலில் என்னிடம் சம்மதம் கேட்டார். “உங்கட சத்தத்த வெளியாள் ஒருத்தர் கேக்கலாமா? பேர் சொல்ல மாட்டன்.” சம்மதித்தேன். அதற்காக அவர் தாதிமாரையோ அந்த ஊழியப் பெண்ணையோ கூப்பிடவில்லை. நடைபாதைக்குப் போய், கண் கிளினிக்குக்குக் காத்திருந்த ஒரு சொறிக்கல்முனை விவசாயியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். பாவம், அந்த மனிதர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பரீட்சைக்கு இருக்கிற மாதிரி இருந்து எழுதினார். தாளில் பாதி இடம் வெறுமையாகத்தான் இருந்தது. அடுத்த தடவை லொத்தர் சீட்டு விற்கிறவர். அதற்கடுத்த தடவை ஒரு முச்சக்கர வண்டிக்காரர்.

“அந்த விவசாயி ஐயாவையே திரும்பக் கூப்பிடலாமே மிஸ்? இண்டைக்கும் வந்திருக்கார்” என்றாள் ஊழியப் பெண்.

“ஒரு காது ஒருதரம்தான் புதுசு” என்றார் மிஸ்.

இந்தப் பேச்சை நான் மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆட்கள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கி வைக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்த மிஸ்ஸிடம் பொறுக்க நிறையவே இருந்தது.

என் மனைவி ஒருநாள் வட்டிலப்பம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். மிஸ் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். “ஏலக்காய் கூடிப் போச்சு ராத்தா. மற்றதெல்லாம் சரி.”

“இன்னொரு கரண்டி தின்னு பாத்திட்டுச் சொல்லுங்களன்!”

“ரெண்டாவது கரண்டிக்கு என்ர நாக்கு உங்கட ஆளாயிடும் ராத்தா. சொல்றதெண்டா முதல் கரண்டியிலதான் சொல்லணும்.” சொல்லிவிட்டு மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டார். வழியெல்லாம் மனைவி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆனால் அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வட்டிலப்பத்தில் ஏலக்காய் குறைந்துவிட்டது.

ஏன் இப்படிக் காதில் சந்தேகம் பிடித்த ஆளாக இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் கோடு கீறிக்கொண்டே அவராகச் சொன்னார். குரலைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

“எங்கட அப்பாவுக்கும் உங்களப் போலத்தான் காக்கா. அவர் கதைச்சது வீட்டில எங்க எல்லாருக்கும் கடைசிமட்டும் விளங்கிச்சு. அதனால ஒருத்தரும் பழக்க நினைக்கல்ல. பிறகு ஆஸ்பத்திரி வாட்டில வச்சாங்க. இரவில நாங்க நிக்கேலாது. அவர் கேட்டது தண்ணி. அங்க ஒருத்தருக்கும் விளங்கல்ல.” அடிமட்டத்தை எடுத்தார். “ஈய இன்னொருக்காச் சொல்லுங்க.”

நான் சொன்னேன். அன்றைக்கு ஈ என்னவோ கொஞ்சம் முன்னால் போய் விழுந்தது.

இந்தக் காலத்தில்தான் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை அக்கரைப்பற்று. நல்ல இடம், நல்ல பிள்ளை. திகதி வைத்தார்கள். எல்லாம் முடிந்து எழும்புகிற நேரத்தில் சம்மந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகக் கேட்டார், “மச்சான் ஏலாம இருக்கிறதால, நிகாஹ் செஞ்சு குடுக்கிறத்த உங்கட தம்பிக்குப் பொறுப்புக் குடுப்பமா?” குற்றமாகக் கேட்கவில்லை. எங்கள் மார்க்கத்தில் பெண்ணின் வாப்பாதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, ‘என் மகளை உங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன்’ என்று சொல்ல வேண்டும். அது சாட்சிகள் இரண்டு பேருக்கும் விளங்க வேண்டும். முடியாதவர் வேறு ஆளிடம் பொறுப்புக் கொடுக்கலாம், அதில் தவறில்லை. தம்பியும் நல்லவன். “நான் சொன்னா என்ன, நீங்க சொன்னா என்ன காக்கா, மகள் நம்மட மகள்தானே” என்றான்.

உள்ளேயிருந்து மகள் வந்து, தேத்தண்ணிக் கோப்பைகளை எடுப்பதுபோல் குனிந்து, என் காதுக்குள் மட்டும் சொன்னாள். “வாப்பா, ஊரில எல்லார்ட அறிவித்தலையும் நீங்கதானே சொன்னீங்க.”

சொல்லிவிட்டுக் கோப்பைகளோடு உள்ளே போய்விட்டாள். எனக்கு அது போதும். நிகாஹ்வுக்கு இரண்டு மாதம் இருந்தது.

மிஸ் வீட்டுப் பாடமாகத் தந்தது அதே மூன்று சத்தம்தான். விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு மனைவி என் முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறவள். ஆ, ஈ, ஊ என்றதும், “இது நம்மட மத்து எழுத்து மூண்டும்தானே! இதப் படிப்பிக்கவா மிஸ் வேணும்?” என்றாள். குர்ஆன் ஓதும்போது நீட்டி ஓதுகிற சத்தங்கள் அவை. எவ்வளவு நேரம் நீட்ட வேண்டும் என்பதற்கு விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணுவார்கள். ஐந்து வயதில் நானும் அப்படித்தான் ஓதப் பழகினேன். மனைவி விரலை மடக்கினாள், நான் நீட்டினேன். ஆச்சரியம், வாய் தானாகத் திறந்தது, உதடு தானாகக் குவிந்தது. பாரிசவாதம் தொடாத ஒரு வாய் எனக்குள் எங்கோ ஒளிந்திருந்தது போல.

அடுத்த முறை மிஸ் அளந்தபோது முக்கோணம் பக்கத்தை நிறைத்துக்கொண்டு வந்தது. ஊழியப் பெண் கையைத் தட்டினாள். “சமூசா பெருத்திட்டு! இறைச்சி வச்ச சமூசா!” மிஸ் மட்டும் இலக்கங்களை இரண்டு தரம் பார்த்தார். எங்களுக்கு அதைக் கவனிக்க நேரம் எங்கே? மனைவி தம்பிக்குச் சொன்னாள், தம்பி சம்மந்திக்குச் சொன்னான். வாப்பாவே நிகாஹ் செய்து கொடுப்பார் என்று இரண்டு ஊரிலும் பரவிவிட்டது.

அதற்கடுத்த கிழமை போனபோது மிஸ் ஆ, ஈ, ஊ கேட்கவில்லை. மைக்கைச் சரிசெய்துவிட்டு, “வீட்டில இருந்து இஞ்ச எப்பிடி வந்தீங்க எண்டு சும்மா சொல்லுங்க” என்றார். சொன்னேன். காலை, மீன் வண்டி, ஊர்ச்சந்தி, பாலம் என்று வழியில் கண்டதையெல்லாம் சொன்னேன். அந்தக் கதைக்குள்ளிருந்து ஒரு ஆ, ஒரு ஈ, ஒரு ஊவைப் பொறுக்கி எடுத்து அளந்தார். போன கிழமைச் சமூசாவுக்குள்ளேயே புதிய புள்ளிகளை வைத்துக் கோடு கீறினார். பெரிய முக்கோணத்தின் வயிற்றுக்குள் ஒரு குட்டி முக்கோணம்.

“பெரிசு, நீங்க பாடம் சொல்லேக்க. சின்னன், நீங்க கதைக்கேக்க. ரெண்டும் நீங்கதான் காக்கா.”

எனக்குக் கோபம் வந்தது. “ரெண்டாவதக் கீறாம விட்டிருக்கலாமே மிஸ். நாங்க சொல்லிட்டமே எல்லாருக்கும்.”

“விட்டிருக்கலாம். ஆனா இஞ்ச தெரியிறது நல்லம். இஞ்ச நம்ம ரெண்டு பேர்தானே.” பிறகு கேட்டார், “பாடத்த யார் பழக்கினது? எப்பிடி?”

விரலை மடக்கிக் காட்டினேன். மிஸ் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். அளக்கிற நேரம் தவிர வீட்டு ஆள் உள்ளே வரலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. “ராத்தா, நீங்க படிப்பிச்ச மாதிரிச் செஞ்சு காட்டுங்க.”

மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு காட்டினாள். மிஸ் அவள் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி விரலை மடக்கிப் பார்த்தார். நாலு விரலுக்கு நீட்டினால் எப்படி, இரண்டுக்கு எப்படி, ஒன்றுக்கு எப்படி என்று துருவித் துருவிக் கேட்டு, சதுரக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

“இவர்ர ஓதுற வாய்க்கு ஒண்டும் நடக்கல்ல ராத்தா. கதைக்கிற வாய்தான் சோம்பல். ஓதுற வாயக் கதைக்கக் கூட்டிக்கொண்டு வருவம்.”

“ஓதுற மாதிரி நீட்டி நீட்டிக் கதைச்சா மாப்பிள ஊட்டார் சிரிக்க மாட்டாங்களா மிஸ்?”

“நீட்ட வேணாம். மூலையத் தொட்டிட்டு வந்தாப் போதும். ஒரு விரல்.”

நிகாஹ் வசனத்தை ஒரு தாளில் எழுதச் சொன்னார். வாய் மூலைக்குப் போக வேண்டிய இடங்களுக்குக் கீழே பென்சிலால் புள்ளி வைத்தார். ஒன்பது புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு விரல், ஐந்தும் முடிந்தால் திரும்ப முதல் விரல். வலது கை விரலை மடக்கிக்கொண்டே சொல்லச் சொல்லச் சொல்லுக்கு முகம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டி முக்கோணம் வளர்ந்தது. பெரியதை எட்டிப் பிடிக்கவில்லை. ஆனால் வளர்ந்தது. நடைபாதையில் பிடித்துவந்த ஆட்களின் தாளிலும் வெறுமை குறைந்துகொண்டு வந்தது.

கடைசி நாள் மிஸ் கேட்டார், “சாட்சிக்கு யார் நிக்கிறாங்க?”

“என்ட மச்சானும் பெரிய வாப்பாட மகனும்.”

“அவங்க உங்களோட எவ்வளவு நாளாக் கதைக்கிறாங்க?”

“பொறந்ததில இருந்து.”

“அப்ப அவங்க சாட்சி இல்ல காக்கா. சொந்தம்.” சொன்ன பிறகு கொஞ்சம் தயங்கினார். “உங்கட மார்க்கத்தில நான் ஒண்டும் சொல்லக் கூடாது. ஆனா விளங்கினதுக்குத்தானே சாட்சி?”

இது போதும் எனக்கு. சம்மந்தியிடம் போய், அக்கரைப்பற்றிலிருந்து என் குரலைக் கேட்டிராத இரண்டு பேரைச் சாட்சிக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். தம்பி தலையில் கை வைத்தான். “காக்கா, வலியப் போய் ஏன் மாட்டுற? நம்மட ஆள் எண்டா, விளங்காட்டியும் விளங்கின எண்டு சொல்லுவாங்களே!”

“அதுக்குத்தான்டா வேணாம்” என்றேன்.

நிகாஹ் அன்று பந்தல் நிறைந்த சனம். பெண்கள் உள்ளறைத் திரைக்குப் பின்னால். மிஸ்ஸும் அங்கேதான். சாட்சிகளில் ஒருவர் ஆசிரியர், மற்றவர் நெல் வியாபாரி. இருவரையும் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். மௌலவி குத்பாப் பிரசங்கத்தை ஓதி முடித்து, “வாப்பா, மாப்பிள்ளைட கையப் பிடிங்க” என்றார். வலது கையை நீட்டினேன். மருமகன் இறுகப் பிடித்தார். வாயைத் திறந்த பிறகுதான் தலையில் இடி விழுந்தது. மடக்குவதற்கு விரல் இல்லை! வலது கை மருமகனின் கைக்குள். இடது கை மடியில் செத்துப்போய்க் கிடக்கிறது. இரண்டு மாதம் பழகியும் மனைவிக்கோ எனக்கோ இது தோன்றவில்லை. மிஸ்ஸுக்கு எங்கள் நிகாஹ்வில் கை பிடிக்கிற வழக்கம் இருப்பதே தெரியாது.

வசனம் வந்தது. கிழங்கு வாயோடு வந்தது.

“சாட்சிக்காரருக்கு விளங்கிச்சா?” என்றார் மௌலவி.

ஆசிரியர் “ஓம்” என்றார். நெல் வியாபாரி ஒரு கணம் கீழே பார்த்தார். “மன்னிக்கணும் ஹஸ்ரத். எனக்குச் சரியா விளங்கல்ல. இன்னொருக்காச் சொல்லட்டும்.”

தம்பி அரைவாசி எழும்பிவிட்டான். திரை லேசாக அசைந்தது, உள்ளே மகள் இருக்கும் பக்கம். நான் கையை விடவில்லை. விரலை மடக்க முடியாதென்றால் அமத்தலாமே என்று அப்போதுதான் தோன்றியது. முதல் புள்ளி வந்த இடத்தில் மருமகனின் புறங்கையில் ஒரு விரலை அமத்தினேன். நாடி இறங்கியது. இரண்டாவது புள்ளி, அடுத்த விரல். உதடு குவிந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கையை ஆட்டாமல் அசைக்காமல் தந்துகொண்டிருந்தார். ஒன்பதாவது அமத்தலில் வசனம் முடிந்தது.

நெல் வியாபாரி தலையை நிமிர்த்தினார். “ஓம். இப்ப நல்லா விளங்கிச்சு.”

மருமகன் “ஏற்றுக்கொண்டேன்” என்றார்.

மனைவி பிறகு சொன்னாள். முதல் தரமே உள்ளிருந்த பெண்கள் எல்லோரும் ‘நல்லாச் சொன்னாரு, நல்லாச் சொன்னாரு’ என்று கண்ணைத் துடைத்தார்களாம். மிஸ் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தன் விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாராம், இரண்டு தரமும்.

அதற்குப் பிறகுதான் நான் வாசலில் அவரைப் பிடித்து அந்தக் கேள்வியைக் கேட்டதும், பழகின காது பதில் வந்ததும்.

சொல்லிவிட்டு மிஸ் சும்மா நிற்கவில்லை. பாதி தின்ற வட்டிலப்பக் கோப்பையை என் வலது கையில் தந்தார். செருப்பைத் தேடிப் போட்டார். பந்தலைக் குறுக்கே கடந்து, ஆண்கள் ஆறு ஆறு பேராகச் பெரிய சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்துக்கு நேரே போனார். எல்லோரும் பார்க்கிறார்கள், அவர் யாரையும் பார்க்கவில்லை. நெல் வியாபாரியின் பக்கத்தில் போய்க் குந்தினார். “ஐயா, குறை நினைக்காதீங்க. முதல்தரம் சொன்னதில எந்தெந்தச் சொல்லு உங்களுக்கு விளங்கல்ல?” என்று கேட்டார். பையிலிருந்து சதுரக் கொப்பியை எடுத்து, இப்போது என்னிடம் இருக்கிற அந்தப் பக்கத்தை முழங்காலில் விரித்தார். அந்த மனிதர் வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கும்வரைக்கும், பென்சில் முனையை வெறும் பக்கத்தில் ஊன்றியபடி காத்திருந்தார்.